வெள்ளாற்றின் பின்னே – 4: லால்பேட்டைக் கரை

கல்வராயன் மலையை விட்டு இறங்கிய பிறகு சைக்கிளுக்குச் சமவெளியில் என்ன வேலை என்று சென்ற இதழைப் படித்த நண்பர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். கச்சிராயபாளையத்திலிருந்து கோமுகி அணையைத் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும் சாலையில் அமைதியைத் தேட வேண்டியதே இல்லை. இருபுறமும் சரிவு, நடுவே மரவள்ளிக் காடு, எப்போதாவது ஒரு மினி பஸ். மலை தன் போக்கில் வண்டிகளைக் குறைத்து வைத்திருக்கிறது. கீழே வந்துவிட்டால் அந்தக் காவல் இல்லை. கடலூர் மாவட்டத்தின் நெடுஞ்சாலைகளில் கரும்பு டிராக்டரும் லாரியும் பஸ்ஸும் உரசிக்கொண்டு போகும்போது சைக்கிள்காரனுக்கு மண் ஓரம்தான் மிச்சம்.

அதற்கு நான் கண்ட வழி ஒன்றே: தண்ணீர் போகும் பாதையைப் பிடித்துக்கொள்வது. கோமுகி மணிமுத்தாற்றில் சேர்கிறது. மணிமுத்தாறு விருத்தாசலம் கோயிலை ஒட்டி ஓடிக் கூடலையாத்தூரில் வெள்ளாற்றோடு கூடுகிறது. வெள்ளாறு சேத்தியாத்தோப்பு அணைக்கட்டுக்கு வருகிறது. இந்த வழியில் ஆற்றோரக் கிராமச் சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடைத்துக்கொண்டே இருக்கின்றன. சேத்தியாத்தோப்பில்தான் கதை மாறுகிறது. வடக்கே மலைத்தண்ணீர் ஓடும் வெள்ளாறு. தெற்கே, கைக்கெட்டும் தூரத்தில், காவிரித் தண்ணீரைத் தாங்கி நிற்கும் வீராணம் ஏரி.

பூதங்குடிப் பக்கம் ஏரிக்கரையில் ஏறும்போது கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருந்தது. இங்கிருந்து லால்பேட்டை வரை சுமார் 16 கிலோமீட்டர், வலது கையில் தண்ணீர், இடது கையில் வயல். சென்னையிலிருந்து கும்பகோணம் போகும் பேருந்துகள் நெடுங்காலமாக ஓடிய கரை இது. ஆகவே இதை அமைதியான சாலை என்று சொல்ல மாட்டேன். விடியலின் முதல் ஒரு மணி நேரம் மட்டும் சைக்கிளுக்குச் சொந்தம். வாழைக்கொல்லை, கந்தகுமாரன் நிறுத்தங்களில் ஆள் நிற்கத் தொடங்கிவிட்டால் ஆரன் சத்தமும் தொடங்கிவிடும்.

தை மாதம் இந்தக் கரைக்கு நல்ல மாதம். வடகிழக்குக் காற்று தெற்கே போகிறவனை முதுகில் தள்ளுகிறது. ஆடியில் வந்தால் கதை வேறு. அகன்று கிடக்கும் தண்ணீரைத் தாண்டி வரும் மேல்காற்று விலாவில் அடிக்கும். சைக்கிள் வயல் பக்கமே சாயும். அந்தக் காற்றுக்கும் அலைக்கும் பதில் சொல்லத்தான் ஏரியின் உட்புறச் சரிவில் கல் பதித்திருக்கிறார்கள். மலையில் சைக்கிள் ஓட்டுகிறவனுக்கு ஏற்றம் எப்படியோ, சமவெளியில் ஓட்டுகிறவனுக்குக் காற்று அப்படி. கியரை மாற்றி மாற்றிப் போட்டு அதையும் ஏறித்தான் கடக்க வேண்டும்.

ஏரி நிரம்பியிருந்தது. நீர்மட்ட அளவுகோலில் முழு அளவு 47.5 அடி. அதைக் கேட்டு அத்தனை ஆழமா என்று மலைக்க வேண்டாம். கடல் மட்டத்திலிருந்து கணக்கிடும் உயரம் அது. கல்வராயனில் ஒரு கொண்டை ஊசி வளைவில் ஏறிவிடும் உயரம்தான். அந்தச் சொற்ப உயரத்தை வைத்துக்கொண்டு 1,465 மில்லியன் கன அடித் தண்ணீரைத் தேக்கி, கீழே நாற்பத்து நாலாயிரம் ஏக்கருக்கும் மேலான நிலத்துக்குப் பாய்ச்சுகிறார்கள். முதலாம் பராந்தகன் காலத்தில், அவன் மகன் இராசாதித்தன் படைவீரர்களைக் கொண்டு வெட்டுவித்த ஏரி என்பது வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு. பராந்தகனின் வீரநாராயணன் என்ற பட்டப்பெயரே ஏரிக்கு வந்தது. இராசாதித்தன் 949-இல் தக்கோலப் போரில் யானை மேலிருந்தபடி இறந்தான். வெட்டிய ஏரி அவனுக்குப் பிறகு ஆயிரம் ஆண்டு தாண்டியும் நெல் விளைவிக்கிறது. 2004 முதல் சென்னைக்கும் குடிநீர் கொடுக்கிறது. இருநூறு கிலோமீட்டருக்கு மேல் குழாயில் போகும் அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவர்கள் ஒருமுறையாவது இந்தக் கரையில் வந்து நிற்க வேண்டும் என்பது என் ஆசை.

தண்ணீர்ப் பரப்பில் நீர்க்காகங்கள், கரையோரக் கோரையில் நீலத் தாழைக்கோழிகள், மேலே மீசை ஆலாக்கள். காரில் போகிறவர்களுக்கு ஏரி ஒரு நீல வெளிச்சமாகக் கடந்து போகும். சைக்கிளில் போகிறவனுக்குத்தான் மதகுக்கு மதகு மாறும் தண்ணீர்ச் சத்தம் கேட்கும்.

லால்பேட்டையில் ஏரி முடிகிறது. லால்கான் என்பவர் பெயரால் வந்த ஊர். பெரிய பள்ளிவாசலும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கிய மன்பவுல் அன்வார் அரபுக் கல்லூரி இங்கேதான் இருக்கிறது. அங்கே ஓதி முடித்த ஆலிம்கள் பெயருக்குப் பின்னால் ‘மன்பஈ’ என்று போட்டுக்கொள்வதைத் தமிழ்நாடு முழுக்கப் பார்க்கலாம். வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் வீட்டுக்கு ஒருவர் இருக்கும் தெருக்களைத் தாண்டினால் கொடிக்கால். வரிசையாக அகத்தி, அதன்மேல் நாரால் கட்டி ஏற்றிய வெற்றிலைக் கொடி, வரிசைகளுக்கு நடுவே கால்வாய். வெற்றிலைக்கு ஈரம் எந்நேரமும் வேண்டும், வேரில் தண்ணீர் நிற்கவும் கூடாது. ஏரிக்குக் கீழே, ஆனால் சற்றே மேடான மண்ணில் இந்தப் பயிர் நிலைத்ததற்கு அதுவே காரணம்.

டீக்கடையில் சைக்கிளைச் சாய்த்தபோது, வெற்றிலை கிள்ளிவிட்டு வந்த ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“எங்கேருந்து தம்பி வர்றீங்க, சைக்கிள்லயேவா?”

“வெள்ளிமலையிலேருந்து பாய். ஆத்தைப் புடிச்சுக்கிட்டே வர்றேன்.”

“அந்தத் தண்ணி வெள்ளாத்தோட போயிடும். இங்க நிக்கிறது காவேரி. மேக்கால மழ பேஞ்சா செங்கால் ஓடையும் கருவாட்டு ஓடையும் கொண்டாந்து கொட்டும். அப்ப வெள்ளியங்கால் மதகைத் தொறப்பாங்க. தொறந்தா கீழ உள்ள ஊருக்குப் பயம், தொறக்கலேன்னா கரைக்குப் பயம்.”

ஏரியின் முழு நிர்வாகத்தையும் அந்தக் கடைசி வாக்கியத்தில் அவர் சொல்லிவிட்டார். உபரி நீருக்கு இரண்டு வாசல். வடக்கே சேத்தியாத்தோப்பு மதகு வழியாக வெள்ளாற்றுக்கு. தெற்கே லால்பேட்டை வெள்ளியங்கால் ஓடை வழியாகத் திருநாரையூர்ப் பக்கத்து வயல்களைத் தொட்டுப் பழைய கொள்ளிடத்துக்கு. 2015 நவம்பர் மழையில் இந்தக் கிராமங்கள் பட்ட பாட்டை இன்னும் நேற்று நடந்தது போலப் பேசுகிறார்கள்.

நான் தேடி வந்த சாலை லால்பேட்டைக்குத் தெற்கே, காட்டுமன்னார்கோயிலைத் தாண்டித்தான் கிடைத்தது. வடவாற்றின் கரை. அணைக்கரையிலிருந்து ஏரிக்குக் காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் 22 கிலோமீட்டர் வாய்க்கால் இது. தண்ணீர் எனக்கு எதிரே வருகிறது, அதாவது நான் ஏறிக்கொண்டிருக்கிறேன். தொடைக்கு அது தெரியவே இல்லை. மனித உடம்பு உணர முடியாத சரிவைக் கண்டுபிடித்து, அதை வழியெல்லாம் விடாமல் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். கல்வராயன் பள்ளத்தாக்கில் எனக்குத் தோன்றாத வியப்பு இங்கே தோன்றியது. அங்கே பள்ளத்தை மலை செய்திருந்தது. இங்கே மனிதர்கள் செய்திருக்கிறார்கள்.

சில இடத்தில் தார், சில இடத்தில் செம்மண், மழைக்குப் பிந்திய பள்ளங்கள். தடித்த டயர் இருந்தால் கவலையில்லை. தார் இருக்கும் இடமெல்லாம் நெல் காய்ந்தது. பாதிச் சாலையை நெல்லுக்கு விட்டுவிட்டு மீதியில் போக வேண்டும். நெல்மேல் சக்கரம் ஏற்றுவது இந்த நாட்டில் யாரும் செய்யாத காரியம். கீழே பெல்ட் மெஷின் சம்பா அறுத்துக்கொண்டிருந்தது. அறுவடைக்குச் சில நாள் முன்னதாகவே ஈரத்தில் தெளித்த உளுந்து தாளுக்கு நடுவே இரண்டிலை விட்டு நின்றது. ஒரு பையன் தூண்டிலோடு மதகின்மேல் உட்கார்ந்திருந்தான். ஓமாம்புலியூர்ச் சாலை பிரியும் திசையில் ஒரு மாட்டு வண்டி. வழியில் என்னை முந்திப் போனவை விரல்விட்டு எண்ணக்கூடிய மோட்டார் சைக்கிள்கள் மட்டுமே.

இந்த அமைதி தானாக வந்ததல்ல. வாய்க்காலைக் கண்காணிக்கப் போட்ட கரை என்பதால் வந்தது. கனரக வண்டி ஏறாத வரைதான் கரை கரையாக இருக்கும். மண் லாரி ஒரு பருவம் ஓடிவிட்டால் போதும். கரை அமுங்கும், விரிசலில் தண்ணீர் கசியும், பிறகு மணல் மூட்டை அடுக்கிக்கொண்டு இரவெல்லாம் ஊர் விழித்திருக்க வேண்டும். சுற்றுலாவுக்கென்று அகலச் சாலை போட்டுக் கடைகளைக் கொண்டுவரவும் வேண்டாம். இருக்கிற கரையைச் செப்பனிட்டு, இரண்டு முனையிலும் லாரி நுழையாதபடி கல் நட்டு, நிழலுக்கு மரம் வைத்தால் உழவர்களுக்கும் பள்ளிக்குச் சைக்கிளில் போகும் பிள்ளைகளுக்கும் அதைவிடப் பெரிய உதவி இல்லை. அரசு கொடுத்த சைக்கிளில் வந்த பெண்பிள்ளைகள் கூட்டம் ஒன்று எதிரே பேசிக்கொண்டே போனது. நெடுஞ்சாலையில் அவர்கள் அப்படி இணையாகப் போக முடியாது.

அணைக்கரையில் கொள்ளிடம் இரண்டாகப் பிரிந்து, நடுவே ஊரை விட்டுவிட்டுப் போகிறது. ஆர்தர் காட்டன் 1836-இல் கட்டிய கீழணை இங்கே இரு கிளைகளையும் மறிக்கிறது. வடகரையிலிருந்து வடவாறும் வடக்கு ராஜன் வாய்க்காலும், தென்கரையிலிருந்து தெற்கு ராஜன் வாய்க்காலும் புறப்படுகின்றன. பாலம் குறுகல், சைக்கிளை உருட்டிக்கொண்டு நடப்பதே நல்லது.

இந்த வழியில் வர விரும்புகிறவர்கள் தை, மாசியில் வாருங்கள். காட்டுமன்னார்கோயிலிலேயே தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள். வடவாற்றுக் கரையில் நெடுந்தூரம் கடை கிடையாது. பஞ்சர் ஒட்டும் சாமான் கையில் இருக்கட்டும், கருவேல முள் அதிகம். சிதம்பரத்துக்குத் திரும்ப நெடுஞ்சாலையைப் பிடிக்க வேண்டியதில்லை. வடக்கு ராஜன் வாய்க்கால் குமராட்சி வழியாக அந்தத் திசைக்குத்தான் போகிறது. அடுத்த பகுதியில் அந்த வழி.