கணினியும் வாப்பாவின் கணக்கும்



எங்கள் இல்லத்துக் கணினி 2013ஆம் ஆண்டு வாங்கப்பட்டது. ஜவுளிக்கடைக் கணக்கைப் பேரேட்டில் எழுதிவந்த வாப்பா, அறுபது வயதுக்கு மேல் எக்ஸெல் கற்றுக்கொண்டு, வரவு செலவு முழுவதையும் அதற்கு மாற்றினார்கள். ஆண்டுகள் செல்லச் செல்லக் கணினியின் வேகம் குறைந்துகொண்டே வந்தது. பொத்தானை அழுத்திவிட்டு, உளூச் செய்து, லுஹர் தொழுதுவிட்டு வந்து அமர்ந்தால்தான் திரை ஆயத்தமாக இருக்கும். வாப்பா அதை ஒரு குறையாகச் சொன்னதில்லை. பிள்ளைகளாகிய நாங்களும் அதைச் சரிசெய்து கொடுக்க முனைந்ததில்லை.

சென்ற ஆண்டு வாப்பா வஃபாத்தானார்கள். வஸிய்யத்தையும் கடனையும் நிறைவேற்றிய பின்னரே வாரிசுகளுக்குப் பங்கு என்பதை சூரா அந்நிஸாவின் 11ஆம் வசனம் தெளிவுபடுத்துகிறது. எனவே, வாப்பா யாருக்கேனும் கொடுக்க வேண்டியது உண்டா என்று தேடினோம். கடைசிப் பேரேட்டின் இறுதிப் பக்கத்தில் இரண்டே சொற்கள் இருந்தன: மீதி கணினியில்.

கணினியைத் திறந்தோம். முன்பைவிட மோசமாக இருந்தது. ஒரு கோப்புறையைச் சொடுக்கினால் பல நிமிடங்கள் அசைவில்லை. கணினி பழுது பார்ப்பவர் ஒருவர், "ஃபார்மட் அடிச்சாப் பறக்கும்" என்றார். துபாயிலிருந்து பேசிய காக்காவும் அதையே ஆமோதித்தார்கள். நாங்கள் இசையவிருந்த வேளையில் உம்மா கேட்டார்கள்: "அதை அழிச்சிட்டா, உங்க வாப்பாட கணக்குக்கு நாளைக்கு யாரு பதில் சொல்றது?"

அந்தக் கேள்வியால்தான் நாங்கள் நிதானித்தோம். முதலில் நோயைக் கண்டறிவோம் என்று முடிவு செய்தோம்.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்றையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். கணினியின் எந்த உறுப்பு சுமையால் திணறுகிறது என்பதை அது எண்களில் காட்டும். எங்கள் கணினியில் செயலிக்கு வேலை பத்து விழுக்காடுகூட இல்லை. நினைவகத்தில் பாதி காலியாக இருந்தது. ஆனால் வட்டு மட்டும் இடைவிடாமல் 100 விழுக்காட்டில் நின்றது. கணினி தொடங்கும்போதே தாமாக எழுந்துகொள்ளும் ஏழு நிரல்களை ஸ்டார்ட்அப் பட்டியலில் நிறுத்திவிட்டு, அணைத்துப் போட்டுப் பார்த்தோம். வட்டின் எண் இறங்கவில்லை. உள்ளிருந்து டக், டக் என்ற ஓசையும் கேட்டது.

வன்வட்டுகள் தம் உடல்நிலையைத் தாமே குறித்து வைத்துக்கொள்கின்றன. ஸ்மார்ட் என்று அதற்குப் பெயர். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்னும் இலவச நிரலில் அதைப் பார்த்தபோது மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை வந்தது. வட்டின் சில பகுதிகள் பழுதாகிவிட்டன. எங்கள் வட்டு நிமிடத்திற்கு 7,200 முறை சுழல்வது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 8 மில்லி விநாடி ஆகும். நல்ல வட்டு ஒரே சுற்றில் படிக்கும் இடத்தை, பழுதான வட்டு திரும்பத் திரும்பச் சுற்றி முயன்று பார்க்கிறது. நாங்கள் சோம்பல் என்று எண்ணியது உண்மையில் அதன் இறுதிப் போராட்டம். இந்நிலையில் டிஃப்ராக் செய்வதும், வட்டு முழுவதையும் சோதிக்கும் நிரல்களை ஓட்டுவதும் அதன் முடிவை விரைவுபடுத்தவே செய்யும். நாங்கள் அணைத்துப் போட்டதுகூடத் தவறுதான்.

அஸருக்குப் பின் நகலெடுக்கத் தொடங்கினோம். கணக்குக் கோப்புறையை முதலாவதாகவும், புகைப்படங்களை அடுத்ததாகவும் பென் டிரைவுக்கு மாற்றினோம். இஷா தொழுது வந்தபோதும் வேலை முடியவில்லை. கணக்குகள் முழுமையாகக் கிடைத்தன, அல்ஹம்துலில்லாஹ். ராத்தாவின் நிக்காஹ் படங்களில் பாதி கிடைக்கவில்லை. அவை இனிக் கிடைக்கப்போவதும் இல்லை.

கணக்கில் ஒரு பெயருக்கு நேரே, கொடுக்க வேண்டியது 18,500 என்றிருந்தது. வாப்பாவுக்குச் சரக்கு அனுப்பிவந்த வியாபாரி அவர். தேடிச் சென்றபோது அவரும் மரணித்திருந்தார். அவருடைய மனைவியிடம் தொகையை ஒப்படைத்தோம். அப்படியொரு பாக்கி இருந்ததே அவருக்குத் தெரியாது. நெடுநேரம் பேசாமல் அமர்ந்திருந்தார். வாப்பாவுக்கு வரவேண்டிய தொகை ஒன்றும் இருந்தது. கடன்பட்டவரின் நிலையறிந்து, வாரிசுகள் அனைவரும் ஒப்புக்கொண்டு அதைத் தள்ளுபடி செய்தோம்.

அதன் பிறகே கணினியைச் செப்பனிட்டோம். சுழலும் பாகம் ஏதுமில்லாத 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றை வாங்கினோம். பழைய வட்டின் கம்பிகளே அதற்கும் பொருந்தின. அதில் விண்டோஸைப் புதிதாக நிறுவி, டிடிஆர்3 வகை நினைவகத்தை 4 ஜிபியிலிருந்து 8 ஜிபியாக உயர்த்தி, விசிறியில் அடைந்திருந்த தூசியைத் தூரிகையால் அகற்றினோம். இப்போது அரை நிமிடத்திற்குள் திரை ஆயத்தமாகிவிடுகிறது.

ஆகக்கூடி ஒரு நாள் வேலை. வாப்பா இருந்த காலத்தில் அந்த ஒரு நாளை நாங்கள் ஒதுக்கியிருக்கலாம். ஒவ்வொரு நாளும் அந்தத் திரைமுன் அவர்கள் காத்திருந்த காட்சி இன்னும் எங்கள் கண்களில் நிற்கிறது.

உங்கள் இல்லத்துக் கணினி மெதுவாகிவிட்டால், அழிக்குமுன் நகலெடுங்கள். நகலெடுத்த பின்னரே பழுது பாருங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதோடு, எங்கே எழுதியிருக்கிறீர்கள் என்பதையும் வீட்டாரிடம் சொல்லி வையுங்கள். எங்கள் வாப்பாவின் மஃக்ஃபிரத்துக்காக துஆச் செய்யுங்கள்.