அருவருப்பும் அருமருந்தும்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உள்ள டென்வர் நகரில், 1950களின் இறுதியில், பென் ஐஸ்மன் என்னும் அறுவை மருத்துவர் பணியாற்றி வந்தார். அவரும் அவருடைய குழுவினரும் கவனித்து வந்த நான்கு நோயாளிகள் நிற்காத வயிற்றுப்போக்கினால் நாளுக்கு நாள் நலிந்துகொண்டிருந்தனர். பெருங்குடலின் உட்சுவரில் பொய்ச்சவ்வு படரும் அந்நோய்க்கு ஆளானோரில் மிகப் பலர் அக்காலத்தில் பிழைப்பதில்லை. நோயின் காரணமும் தெளிவாக அறியப்பட்டிருக்கவில்லை. நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளை உட்கொண்டவர்களையே அது பெரிதும் தாக்கியது என்பது மட்டும் மருத்துவர்களின் கண்ணில் பட்டிருந்தது.

களைக்குத் தெளித்த மருந்து பயிரையும் கருக்கிவிட்டால், வெறும் நிலத்தில் மீண்டும் முதலில் தலைதூக்குவது களையே. குடலிலும் அவ்வாறே நிகழ்ந்திருக்கக்கூடும் என அவர்கள் கருதினர். மனிதக் குடலில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. உணவின் நார்ப்பொருளைச் சிதைத்து உடலுக்குப் பயன்படச் செய்வதும், புதிதாக நுழையும் கிருமிகளுக்கு இடங்கொடாமல் தடுப்பதும் அவற்றின் பணிகள். அழிந்துபோன அக்குடிகளை மீண்டும் எங்கிருந்து கொண்டுவருவது? நலமுள்ள மற்றொருவரின் மலத்திலிருந்துதான். அதனைக் கரைத்து, எனிமா வழியாக நோயாளிகளின் குடலுக்குள் செலுத்தினர். நால்வரும் நலம் பெற்றனர். 1958இல் அச்செய்தி மருத்துவ இதழில் வெளிவந்தது. எனினும் மருத்துவ உலகம் நெடுங்காலம் அதனைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. நால்வரைக் கொண்டு ஒரு சிகிச்சையை நிறுவ இயலாது என்பது நியாயமே; ஆயினும் அருவருப்புக்கும் அப்புறக்கணிப்பில் பங்கு இருந்திருக்க வேண்டும்.

இம்முறை முற்றிலும் புதியதும் அன்று. நான்காம் நூற்றாண்டிலேயே சீன மருத்துவர் கே ஹோங், கடும் வயிற்றுப்போக்குக்கு மனித மலக்கரைசலைப் பருகத் தருமாறு எழுதிவைத்தார். பதினாறாம் நூற்றாண்டின் சீன மருத்துவ நூலொன்றில் அது 'மஞ்சள் சாறு' என்னும் பெயரைப் பெற்றிருந்தது. நோயாளி முகஞ்சுளிக்காமல் குடிக்க வேண்டுமே!

நோயின் காரணம் 1978இல் வெளிப்பட்டது. குளாஸ்டிரிடியம் டிஃபிசில் என்னும் பாக்டீரியமே அது. 1935இல் பச்சிளங்குழந்தைகளின் மலத்தில் அதனைக் கண்டறிந்தவர்கள், ஆய்வகத்தில் வளர்ப்பது கடினமாக இருந்ததால் 'கடினமானது' என்னும் பொருளில் அப்பெயரைச் சூட்டினர். பின்னாளில் அதனைக் குடலிலிருந்து வெளியேற்றுவதே கடினமாயிற்று. வான்கோமைசின் என்னும் மருந்து அக்கிருமியைக் கொல்லும். ஆனால் அதன் வித்துகள் எஞ்சி நிற்கும். மருந்தை நிறுத்திய சில வாரங்களில் வித்துகள் முளைக்க, நோய் திரும்பும். மீண்டும் மருந்து, மீண்டும் நோய். ஒவ்வொரு முறையும் எஞ்சிய நல்ல நுண்ணுயிர்கள் மேலும் அருகும்.

இச்சுழலில் சிக்கியோரிடையே ஆம்ஸ்டர்டாம் மருத்துவர்கள் ஓர் ஒப்பீட்டு ஆய்வை நடத்தி, 2013இல் முடிவை வெளியிட்டனர். நலமுள்ளோரின் மலக்கரைசலை மூக்கு வழிக் குழாயினால் பெற்றவர்கள் 16 பேர். முதல் முறையிலேயே 13 பேர் குணமடைந்தனர். எஞ்சிய மூவரில் இருவருக்கு இரண்டாம் முறை பலித்தது. வான்கோமைசின் மட்டும் பெற்ற 13 பேரில் குணமடைந்தவர் நால்வரே. வேறுபாடு அத்துணைப் பெரிதாக இருந்தமையால் ஆய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டது.

கொடையாளரைத் தேர்ந்தெடுப்பது எளிதன்று. இரத்தமும் மலமும் பல சோதனைகளுக்கு உட்படுகின்றன. அண்மையில் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து உட்கொண்டவர் விலக்கப்படுகிறார். இவ்வளவுக்குப் பின்னும் ஒரு துயரம் நேர்ந்தது. நோய் எதிர்ப்பாற்றல் குன்றிய இருவர், ஒரே கொடையாளரின் மலத்திலிருந்து, பல மருந்துகளுக்கு அடங்காத ஈ.கோலை கிருமியைப் பெற்றனர். அவர்களுள் ஒருவர் உயிரிழந்தார். அக்கிருமிக்கான சோதனை அம்மலத்தில் முன்னதாகச் செய்யப்பட்டிருக்கவில்லை. 2019இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிருவாகம் இதனை அறிவித்து, அச்சோதனையைக் கட்டாயமாக்கியது. உயிர் காக்கும் பொருளே உயிர் கவரும் பொருளாகவும் மாறக்கூடும் என்னும் அச்சம் அதன்பின் மருத்துவர்களை விட்டு அகலவில்லை.

அந்நிருவாகம் 2022இல் எனிமா வடிவ மருந்து ஒன்றுக்கும், 2023இல் வாய்வழி உட்கொள்ளும் மாத்திரைக்கூடு ஒன்றுக்கும் ஒப்புதல் அளித்தது. பின்னதில் மலத்தை எத்தனாலில் இட்டுப் பிற கிருமிகளை அழித்து, தாக்குப்பிடிக்கும் நல்ல பாக்டீரியங்களின் வித்துகளை மட்டும் பிரித்தெடுத்து அடைக்கின்றனர். நாளொன்றுக்கு நான்கு கூடுகள், மூன்று நாள்கள். மணமில்லை, நிறம் தெரிவதில்லை. ஆனால் அதற்கான மூலப்பொருளை இன்றும் முன்பின் அறியாத ஒரு மனிதர்தான் தருகிறார்.