தொட்டிக்குள் ஒரு தோட்டம்

எங்கள் ஊர் வீடுகளின் விறாந்தைகளைக் கணக்கெடுத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். மீன்தொட்டி பல வீடுகளில் உண்டு. மீன் சில வீடுகளிலேதான் உண்டு. தொட்டிக்குள் உயிருள்ள செடியோ மிக அரிது. மீன் போனபின் அங்கே பழைய பத்திரிகைகளும் வெங்காயமும் குடியேறிவிடுகின்றன. செடி ஏன் வாழவில்லை என்று வினவினால், "எங்கள் கைக்கு வராது" என்பார்கள். கைராசியின்மேற் பழிபோடுவதை நான் ஒப்புவதில்லை. கத்தரியும் மிளகாயும் நட்டு விளைவிக்கும் கைகள் அல்லவா அவை?

மீன்தொட்டி என்னும் எண்ணம் வளர்ந்ததில் செடிக்கும் பெரும் பங்குண்டு. இலண்டனில் வாழ்ந்த இரசாயன அறிஞர் றொபேட் வாரிங்டன் என்பவர் தாம் செய்த பரிசோதனை ஒன்றை 1850ஆம் ஆண்டில் அங்குள்ள இரசாயனச் சங்கத்துக்கு எடுத்துரைத்தார். கண்ணாடிப் பாத்திரம் ஒன்றில் இரண்டு பொன்மீன்களையும் வலிஸ்னேரியா என்னும் நாடா போன்ற இலையுடைய நீர்ச்செடியையும் அவர் வைத்திருந்தார். மீன் விடும் காபனீரொட்சைட்டைச் செடி கொள்ளும். செடி விடும் ஒட்சிசனை மீன் கொள்ளும். இவ்வாறு இரண்டும் வாழும் என்பது அவர் கருத்து. ஆயினும் முதிர்ந்த இலைகள் அழுகி நீர் கலங்கிற்று. பின்னர்க் குளத்து நத்தைகளை விட்டார். அவை அழுகலைத் தின்றன, நீரும் தெளிந்தது. நத்தையைக் கண்டவுடன் நசுக்கிவிடும் நம் இளைஞர் இதனைச் சற்றே எண்ணுவாராக.

நிற்க. செடி நடப் புகுமுன் நம் தண்ணீரை நாம் அறிதல் வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியிற் கிடப்பது சுண்ணக்கல். ஆதலால் எங்கள் கிணற்று நீர் வன்னீர். தேநீர்க் கேத்தலின் உட்புறத்தே படியும் வெண்பொருக்கே அதற்குச் சான்று. கடைகளிற் செக்கச்செவேலென்று கண்ணைப் பறிக்கும் செடிகள் பல மென்னீரை விரும்புவன. அவற்றை வாங்கிவந்து வன்னீரில் இட்டுவிட்டு வாடுகின்றனவே என்று வருந்துவதிற் பயனில்லை. வலிஸ்னேரியாவோ அத்தகையதன்று. நீரிற் கரைந்துள்ள காபனீரொட்சைட்டுப் போதாவிடத்து, வன்னீரில் மிகுதியாக உள்ள இருகாபனேற்றிலிருந்தும் தனக்கு வேண்டிய காபனைப் பெறும் ஆற்றல் அதற்குண்டு. ஒளித்தொகுப்பைக் காட்டுதற்கு ஆய்வுகூடத்திற் குமிழி எண்ணுகின்றோமே, அந்த ஐதரில்லாவும் அத்தகையதே. இவை நமக்கு ஏற்றவை. கடற்கரையிற் பொறுக்கிய சிப்பியையும் பவளக்கல்லையும் அழகுக்கென்று தொட்டியில் இடும் வழக்கம் நல்லதன்று. அவை கரைந்து வன்மையை மேலும் கூட்டும். கொழும்பிற் குழாய்நீரைப் பயன்படுத்துவோர், குளோரின் நீங்குவதற்காக அதனை ஒரு நாள் திறந்த பாத்திரத்தில் வைத்தெடுத்தல் நன்று.

நடுவதிலும் சிறிது கவனம் வேண்டும். இரண்டு மூன்று அங்குல உயரத்துக்குப் பருமணல் பரப்புக. மாவு போன்ற மணல் இறுகி வேரை மூச்சுத்திணறச் செய்யும். வேரை மண்ணுள் வைத்து, இலைகள் பிறக்கும் குருத்திடம் வெளியே தெரியும்படி விடுக. ஜாவாப் பன்னம், அனூபியஸ் ஆகியவற்றின் வேர்த்தண்டுக்கிழங்கை மண்ணிற் புதைத்தாற் பெரும்பாலும் அழுகிவிடும். அவற்றைக் கல்லிலோ கட்டையிலோ நூலாற் கட்டிவிடுதலே முறை. விளக்கொளி நாளுக்கு எட்டு மணிநேரம் அளவிற் போதும். யன்னலோரத்து நேர்வெயிலில் வைத்தாற் செடியை முந்திக்கொண்டு அல்காக்கள் வளர்ந்து கண்ணாடியையும் இலையையும் மூடும். பசளை வேண்டுமா என்று மாணவர் கேட்பதுண்டு. மீனின் கழிவிலேயே நைதரசன் இருக்கின்றது. மேலதிகமாக வேண்டின் நீர்ச்செடிகளுக்கென்றே விற்கும் பசளையை அளவோடு இடலாம். தோட்டத்து யூரியாவை மட்டும் கிட்டவும் கொண்டுவரலாகாது. அதிலிருந்து உண்டாகும் அமோனியா மீனைக் கொன்றுவிடும்.

இனிச் சொல்லப்போவது நம் நாட்டுச் செடி ஒன்றைப்பற்றியது. கிரிப்டோகொரைன் வெந்தியை என்னும் செடி சேம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது, இலங்கைக்கே உரியது, மரநிழலின் கீழ் ஓடும் ஆறுகளிலும் அருவிகளிலும் வளர்வது. இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மீன்தொட்டி வைத்திருப்போர் இதனை விரும்பி வாங்குகின்றனர். குறைந்த ஒளியிலும் வன்னீரிலும் இது வாழும். ஆனால் இதற்கு ஒரு குணமுண்டு. சூழல் திடீரென மாறினால் இலைகளெல்லாம் கண்ணாடிபோல வெளிறிக் கூழாகக் கரைந்துவிடும்.

எமது அயலில் ஒரு பெரியவர் இருக்கின்றார். அவருடைய பேரன் மேற்படிப்புக்காகக் கடல்கடந்து சென்றபோது, தன் தொட்டியைப் பாட்டனாரிடம் ஒப்படைத்துச் சென்றான். பெரியவரோ துப்புரவில் மிகுந்த பற்றுள்ளவர். பேரன் போன மறுவாரமே தொட்டியை முழுவதும் இறைத்து, மணலைக் கழுவி, புதுத்தண்ணீர் நிரப்பினார். நான்காம் நாள் இலைகள் கரையத் தொடங்கின. ஒருநாட் காலை எம் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தார். "மாஸ்ரர், பிள்ளை நம்பித் தந்துவிட்டுப் போனதை நான் சாகடித்துப்போட்டேன். அவன் வீடியோவிற் காட்டச் சொல்லிக் கேட்கிறான், எதைக் காட்டுவேன்?" என்றார். எழுபது வயதைக் கடந்தவரின் கண்கள் கலங்கியிருந்ததைக் காண எனக்கு ஒருமாதிரியாயிற்று.

போய்ப் பார்த்தேன். அழுகிய இலைகளை மெல்ல அகற்றிவிட்டு, மணலை விரலாற் சிறிது விலக்கிக் காட்டினேன். வேர்கள் வெளுப்பாகவும் உறுதியாகவும் இருந்தன. "ஐயா, செடி சாகவில்லை, இலையைத்தான் உதிர்த்திருக்கிறது. பிடுங்கவேண்டாம், இடம் மாற்றவேண்டாம். வாரம் ஒருமுறை நாலில் ஒரு பங்கு தண்ணீரை மட்டும் மாற்றுங்கள்" என்றேன். அவருக்கு நம்பிக்கை பிறந்ததாகத் தோன்றவில்லை. எனினும் சொன்னபடியே செய்தார். ஏறத்தாழ நான்கு வாரங்களின்பின் மண்ணிலிருந்து கபில நிறத்திற் சுருண்ட இலைகள் இரண்டு தலைகாட்டின. அதனை அவர் பேரனுக்கே முதலிற் காட்டினார். எனக்கு மறுநாள்தான் செய்தி வந்தது. அதுவே முறையும்.

கடையில் வாங்கிய செடியும் முதல் மாதத்தில் இவ்வாறு இலையிழப்பதுண்டு. பண்ணைகளிற் பல செடிகளை நீருக்கு மேலேயே வளர்க்கின்றார்கள். அக்காற்றிலை நீருள் நிலைப்பதில்லை. அது போய் நீரிலை வரவேண்டும். அந்த இடைக்காலத்திலேதான் நம்மவர் பொறுமையிழந்து செடியைக் குப்பையில் எறிகின்றனர். வேர் உறுதியாக உள்ளவரை காத்திருக்கலாம்.

இரவில் நடப்பதையும் மறக்கலாகாது. ஒளி அணைந்தபின் செடி ஒட்சிசனைத் தருவதில்லை. மீனைப்போலத் தானும் அதனை உட்கொள்ளும். செடியும் மீனும் மிகுந்த தொட்டியில் விடியற்காலையில் மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாய்பிளந்தால், காற்றுப்பம்பியை இரவில் இயக்குவது நன்று.

செழித்த தொட்டிக்கு ஒரு தொல்லையுண்டு. செடி பெருகிவிடும், வெட்டியெடுத்ததை எங்கே போடுவது? குளத்திலோ வாய்க்காலிலோ எறியவே கூடாது. அழகுக்காக இந்நாட்டுக்கு வந்த ஆகாயத்தாமரை நீர்நிலைகளை அடைத்தமையால், 1909ஆம் ஆண்டிலேயே அதற்கெதிராகச் சட்டம் இயற்றவேண்டி நேர்ந்தது. ஆராய்ச்சிக்கென 1939இற் கொண்டுவரப்பட்ட சல்வீனியா பின்னர் வயல்களிலும் கால்வாய்களிலும் பரவிற்று. தொட்டியில் மிஞ்சியதை அயலார்க்குக் கொடுக்கலாம். கேட்பாரில்லையெனில் இரண்டு நாள் நல்ல வெயிலில் உலர்த்தி வாழையடியிற் போடலாம்.