தண்ணீர் வந்த ஊர், வராத ஊர்

மைசூரிலிருந்து பெங்களூர் போகிற வழியில் மண்டியாவைச் சுற்றிக் கண்ணுக்கு எட்டிய மட்டும் கரும்பும் நெல்லும். நூறு வருஷத்துக்கு முன் இதில் பெரும்பகுதி மானம் பார்த்த ராகிக் காடு. 1911இல் காவிரியில் கிருஷ்ணராஜசாகர் அணை வேலை தொடங்கியது. 1930களில் கால்வாய் வழியாகத் தண்ணீர் வந்தது. அன்று அதற்கு இர்வின் கால்வாய் என்று பெயர், பின்னாளில் விசுவேசுவரய்யா கால்வாய். 1933இல் மண்டியாவில் சர்க்கரை ஆலை. அணை, கால்வாய், ஆலை, பணப்பயிர் என்று வரிசையாகச் சொல்லி, மக்கள் மாறினார்கள் என்று முடித்துவிடுவது வழக்கம். எப்படி மாறினார்கள் என்பதை ஊருக்குள் போய் உட்கார்ந்து பார்த்தவர் மானிடவியலாளர் ஸ்கார்லெட் எப்ஸ்டீன்.

வியன்னாவில் பிறந்த யூதப் பெண். நாஜிகளுக்குத் தப்பி இங்கிலாந்து போய், மான்செஸ்டரில் படித்தவர். 1954 முதல் 1956 வரை மண்டியாவுக்குப் பக்கத்தில் இரண்டு ஊர்களில் ஆய்வு செய்தார். ஊர்ப் பெயர்களை மறைத்து வங்கலா, தலேனா என்று பெயர் வைத்தார். வங்கலாவுக்குக் கால்வாய்த் தண்ணீர் பாய்ந்தது. தலேனா மேட்டில் இருந்ததால் தண்ணீர் ஏறவில்லை. சுற்றிலும் நஞ்சை, நடுவில் இது மட்டும் புஞ்சை. எந்த ஊர் அதிகம் மாறியிருக்கும் என்று யாரைக் கேட்டாலும் தண்ணீர் வந்த ஊர் என்றுதான் சொல்வார்கள். அவர் கண்டது நேர்மாறு.

வங்கலாவில் நிலம் வைத்திருந்த ஒக்கலிக சாதியார் கரும்பு போட்டார்கள், காசு பார்த்தார்கள். ஆனால் செய்தது அதே விவசாயம். நஞ்சைக்குக் கூடுதல் ஆள் வேண்டும், ஆகவே பரம்பரையாக வேலை செய்துவந்த ஆதிகர்நாடக (தலித்) குடும்பங்களை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். யார் வீட்டுக்கு யார் ஆள் என்ற பழைய கணக்கு அப்படியே நின்றது. பரம்பரைப் பெரியதனமும் நின்றது. கையில் புரண்ட பணம் கல்யாணத்திலும் திருவிழாவிலும் இன்னும் பகட்டாகச் செலவழிந்தது.

தலேனாக்காரர்களுக்கு ஊருக்குள் வழி இல்லை. பக்கத்து ஊர்களில் நஞ்சை வாங்கினார்கள். மாவு மில் வைத்தார்கள், வண்டி ஓட்டினார்கள், மண்டியா ஆலையிலும் சர்க்கார் ஆபீசிலும் வேலைக்குப் போனார்கள். வெளியே போனவனுக்குப் பரம்பரைப் பண்ணையாள் எதற்கு? ஆள்-ஆண்டை உறவு அறுந்தது. பஞ்சாயத்தில் பிறப்பால் வந்த அதிகாரமும் ஆட்டம் கண்டது.

வங்கலாவில் நடந்த ஒன்று என் மனசை விட்டுப் போவதில்லை. ஆதிகர்நாடகர்கள் ஒரு நாடகம் போட ஆசைப்பட்டார்கள். நாடகத்தில் ராஜா உண்டு, ராஜா சிம்மாசனத்தில் உட்கார வேண்டும். நம் வீட்டு ஆள் மேலே உட்கார, நாம் தரையில் உட்கார்ந்து பார்ப்பதா என்று மேல்சாதிக்காரர்கள் கொதித்தார்கள். வேலை கொடுப்பதை நிறுத்தினார்கள். வாய்க்காலில் புதுத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த ஊர் அது.

*

தண்ணீரை அடுத்து மின்சாரம். இடம் கோலார். சிவனசமுத்திரத்தில் காவிரி விழும் இடத்தில் 1902இல் மின்சாரம் எடுத்தார்கள். திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் தீட்டிய திட்டம். ஏறக்குறைய 150 கிலோமீட்டர் கம்பி இழுத்துக் கோலார் தங்கவயலுக்குக் கொண்டுபோனார்கள். சுரங்கத்தை நடத்தியது ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற லண்டன் கம்பெனி. பெங்களூர்த் தெருவுக்கு விளக்கு 1905இல். மகாராஜா குடியிருந்த மைசூருக்கு 1908இல்தான். மின்சாரம் யாருக்காக வந்தது என்பதற்கு இந்த வரிசையே போதும்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. பூமிக்கு அடியில் இறங்கி வெட்டியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து போன தமிழர்கள், அவர்களிலும் ஒடுக்கப்பட்ட சாதியார் அதிகம். கொடுமையான வேலை, நுரையீரலைத் தின்னும் தூசி. இருந்தும் அங்கே ஆண்டை இல்லை, சேரிக்கும் ஊருக்கும் நடுவே பழைய எல்லைக்கோடு இல்லை, கூலி காசாகக் கைக்கு வந்தது. ஒடுக்கப்பட்டவர்களைப் பௌத்தத்துக்கு அழைத்த அயோத்திதாசரின் சங்கத்துக்குத் தங்கவயல் மாரிகுப்பத்தில் கிளை வேர்விட்டது இதனால்தான் என்று நினைக்கிறேன். அவர் எழுத்துகளைப் பின்னாளில் அச்சிட்டுக் காப்பாற்றியதும் தங்கவயலின் சித்தார்த்தா புத்தகசாலை. சொந்த ஊரில் அந்தப் புத்தகங்களைத் திண்ணையில் வைத்து உரக்கப் படித்திருக்க முடியுமா?

தலேனாவும் தங்கவயலும் எனக்கு ஒரே விஷயத்தைச் சொல்கின்றன. புதியது ஊருக்குள் வந்தால், ஏற்கெனவே யார் கை ஓங்கியிருக்கிறதோ அந்தக் கை அதை வாங்கிக்கொள்கிறது. ஆள் ஊரை விட்டு வெளியே போனால்தான் பிடி தளர்கிறது.

*

ஊருக்குள் போய் உட்கார்ந்து பார்த்த இன்னொருவர் சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ். மைசூரில் 1916இல் பிறந்த தமிழ் பேசும் ஐயங்கார். காலேஜ் ரோட்டில் பிராமணத் தெரு. அவர்கள் வீட்டுப் பின்சுவரைத் தாண்டினால் பண்டிகேரி, ஆடு மேய்க்கும் சாதியான குருபர்களின் குடியிருப்பு. தன் முதல் கலாசார அதிர்ச்சி அங்கேதான், வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் நேர்ந்தது என்று பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்.

1948இல் மைசூருக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் போய்த் தங்கினார். பிறகு எழுதிய புத்தகத்தில் அதற்கு ராம்பூரா என்று பெயர். ஊர்த்தலைவர் தம் மாட்டுக் கொட்டிலை ஒட்டிய வீட்டை ஒதுக்கிக் கொடுத்தார். பல வருஷம் தொகுத்த குறிப்புகள் 1970 ஏப்ரலில் ஸ்டான்ஃபோர்டில் யாரோ வைத்த தீயில் போயின. பிறகு பெரிதும் ஞாபகத்திலிருந்து எழுதி 1976இல் வெளியிட்டார். தலைவரின் விருந்தாளியாக, பிராமணனாக இருந்ததால் ஊரை மேலிருந்துதான் பார்த்தேன், ஹரிஜனத் தெரு எனக்கு அதிகம் தெரியாது என்பதை அவரே அந்தப் புத்தகத்தில் ஒப்புக்கொள்கிறார். 'ஆதிக்க சாதி' என்று இன்று நாளிதழ் வரை புழங்கும் கருத்து அந்த ஊரிலிருந்துதான் பிறந்தது. ராம்பூராவுக்குப் பஸ்ஸும் ரைஸ் மில்லும் வந்தபோது அவற்றில் பணம் போட்டவர்கள் நிலம் வைத்திருந்த பெரிய ஒக்கலிகக் குடும்பத்தார்தான். வங்கலாவின் அதே பாடம்.

1952 கோடையில் அவர் பார்த்த புல்டோசர் டிரைவரை மறக்க முடியாது. பெங்களூரில் பிறந்த தமிழ்க்காரர். ராம்பூராவில் நிலத்தைச் சமன் செய்ய சர்க்கார் புல்டோசரோடு வந்தவர். பிழைப்புக்கு அந்த யந்திரம். ஓய்வு நேரத்தில் கிராமத்தாருக்கு மந்திர வித்தை காட்டுவார். இரண்டுக்கும் நடுவே முரண்பாடு இருப்பதாக அவருக்குத் தோன்றவே இல்லை.

அந்த டிரைவரைப் படிக்காதவர் என்று ஒதுக்க நினைப்பவர்கள் கவிஞர் ஏ.கே. ராமானுஜனின் தகப்பனாரை நினைத்துக்கொள்ள வேண்டும். மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர், வானவியல் அறிந்தவர், ஜோதிடத்திலும் கரைகண்டவர். வெள்ளைக்காரக் கணித அறிஞர்களும் உள்ளூர் ஜோசியர்களும் அதே வீட்டுக்கு வந்து போனார்கள். மகனுக்கு இது பெரிய சங்கடமாக இருந்தது. இரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்று கேட்டபோது, மூளைக்கு இரண்டு பாதி உண்டே என்ற அர்த்தத்தில் தகப்பனார் பதில் சொன்னதாக ராமானுஜன் எழுதியிருக்கிறார். எனக்கு இதில் குறை சொல்லத் தோன்றவில்லை. யந்திரம் வந்தால் மந்திரம் போகும் என்று எதிர்பார்த்தவர்களின் கணக்குத்தான் தவறு. மந்திரம் போகாததால் யாருக்கும் பெரிய கேடில்லை. வேலைக்காரன் மேலே உட்காரக் கூடாது என்ற எண்ணம் போகாததால்தான் கேடு.

*

போகாமல் நின்ற கேடு மட்டுமல்ல, புதிதாக வளர்ந்த கேடும் உண்டு: வரதட்சிணை. இது பழைய வழக்கம், படிப்பு வந்தால் போய்விடும் என்று நம்பியவர்கள் பலர். சீனிவாஸ் 1980களில் இதை மறுத்து எழுதினார்: இன்றைய வரதட்சிணை வெள்ளைக்காரர் காலத்து இங்கிலீஷ் படிப்போடும் சம்பள உத்தியோகத்தோடும் சேர்ந்து வளர்ந்தது, மாப்பிள்ளைக்கு உத்தியோகம் கிடைத்ததும் விலையும் ஏறியது. உழைக்கும் சாதிகளில் இருந்தது பரியம். பெண் வயலில் பாடுபடுகிறவள், அவளை அனுப்பும் வீட்டுக்கு மாப்பிள்ளை வீட்டார் பணம் கொடுக்க வேண்டும். எப்ஸ்டீன் 1970இல் திரும்பி வந்தபோது கரும்புப் பணம் கண்ட குடும்பங்களில் பரியம் மறைந்து வரதட்சிணை நுழைந்திருந்தது. வசதி வந்த வீட்டில் பெண் வயலுக்குப் போவது கௌரவக் குறைச்சல் ஆனது. வயலுக்குப் போகாத பெண் பாரமானாள். மேல்சாதியைப் பார்த்து மேலேறும் வழியைச் சீனிவாஸ் சமஸ்கிருதமயமாக்கல் என்றார். அந்த ஏற்றத்துக்கான விலையைப் பெண்கள் கொடுத்தார்கள் என்பதை இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம்.

*

மண்டியா ஜில்லாவில் அணையைக் கட்டிய சர் எம்.வி. என்கிற விசுவேசுவரய்யாவின் படம் இல்லாத ஊர் அரிது. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் 1918ஐயும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மைசூரில் படிப்பும் உத்தியோகமும் எண்ணிக்கையில் மிகச் சிறிய பிராமணர்கள் கையில் குவிந்திருந்தன. மற்றவர்களுக்கு வழி செய்ய மகாராஜா நாலாவது கிருஷ்ணராஜ உடையார், தலைமை நீதிபதி லெஸ்லி மில்லர் தலைமையில் குழு போட்டார். திறமையை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது அப்போது திவானாக இருந்த விசுவேசுவரய்யாவின் நிலை. அந்த வருஷமே திவான் பதவியை விட்டார். மில்லர் குழுவின் அறிக்கை 1919இல். அதை ஒட்டி 1921இல் உத்தியோகத்தில் மற்றவர்களுக்கு இடம் தரும் உத்தரவு. அதே 1921இல் மெட்ராஸில் நீதிக்கட்சியின் வகுப்புவாரி உத்தரவு. அணை கட்டத் தெரிந்த ஒருவருக்கு, மதகை யார் திறப்பது என்ற கேள்வி கேள்வியாகவே படாமல் போனது எனக்குப் பெரிய வருத்தம்.

*

பழைய ஆள்-ஆண்டை உறவு அறுந்ததற்கு ஒரு மறுபக்கம் உண்டு. விட்டுவிட்டால் நான் சொன்னது பாதிதான் உண்மை.

பரம்பரை ஆளுக்கு அறுப்பு முடிந்ததும் களத்தில் தானியம் அளப்பார்கள். விளைந்தாலும் பொய்த்தாலும் பெரும்பாலும் அதே அளவு. நல்ல விளைச்சலில் அது ஆளுக்கு நஷ்டம், பஞ்சத்தில் அது உயிர். எப்ஸ்டீன் இதைத் தனியாக ஒரு கட்டுரையாகவே எழுதினார். கூலி காசாக மாறி, பழைய கடமை தேய்ந்ததும், கெட்ட வருஷத்தில் ஏழைக்கு யாரும் பொறுப்பில்லை. 1970இல் அவர் திரும்பிப் பார்த்தபோது ஊரில் செல்வம் பெருகியிருந்தது. அடித்தட்டில் இருந்தவர்கள் பின்தங்கியிருந்தார்கள். அதனால் பழைய முறை திரும்ப வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்த மரக்கால் தானியத்துக்குத் தலை குனிந்து நிற்க வேண்டியிருந்தது. அதை எடுத்த இடத்தில் வேறொன்றை வைக்கும் கடமை சர்க்காருக்கு இருந்தது. இன்றைய ரேஷன் அரிசியும் கிராமப்புற வேலை உறுதித் திட்டமும் ஏழைக்குக் கொடுக்கும் பிச்சை என்று பேசுகிறவர்கள் களத்து மேட்டுக் கணக்கை ஒரு தரம் படிக்க வேண்டும்.

*

முதலில் சொன்ன மைசூர்-பெங்களூர் வழியில் 2023 மார்ச்சில் புது எக்ஸ்பிரஸ்வே திறந்தார்கள். பெங்களூரிலிருந்து மைசூருக்கு சுமார் 118 கிலோமீட்டர். ராமநகரம், சென்னபட்டணம், மத்தூர், மண்டியா எல்லாம் பைபாஸில் ஒதுங்கிவிட்டன. சென்னபட்டணத்தில் மரப் பொம்மை வாங்கவும் மத்தூர் வடை தின்னவும் நின்ற கார்கள் இப்போது மேலாகவே பறந்துவிடுகின்றன. சென்னபட்டணக் கடைக்காரர்களின் வியாபாரம் சரிந்தது. அந்த வருஷம் ஆகஸ்ட் 1 முதல் பைக், ஆட்டோ, டிராக்டர் எதுவும் பிரதான பாதையில் ஏறக் கூடாது என்று உத்தரவு. விபத்தில் நிறையப் பேர் செத்ததால் வந்த தடை, சரிதான். ஆனாலும் கரும்பு ஏற்றும் டிராக்டர்தான் இந்த ஜில்லாவின் வாகனம். நிலம் கொடுத்தவனுக்கு சர்வீஸ் ரோடு.

அந்த சர்வீஸ் ரோட்டில் விடிகாலையில் வேன்கள் ஓடுகின்றன. ரெடிமேட் துணி ஃபாக்டரிக்குப் போகும் பெண்கள், நின்றுகொண்டும் நெருக்கிக்கொண்டும். சம்பளம் குறைவு, மேஸ்திரி திட்டுவார், கழிப்பறைக்குப் போகக்கூட நேரம் பார்க்க வேண்டும். ஆனால் கூலி அவரவர் வங்கிக் கணக்கில் விழுகிறது. யார் வீட்டு ஆள் என்று தையல் மிஷின் கேட்பதில்லை. தலேனாவின் ஆண்கள் சைக்கிளேறி மண்டியாவுக்குப் போனதைப் பற்றி ஒரு புத்தகமே வந்துவிட்டது. இந்தப் பெண்களின் சம்பளத்தில் எவ்வளவு அவர்கள் கையில் தங்குகிறது, கல்யாணப் பேச்சில் அது எந்தப் பக்கம் சாய்கிறது, இரண்டு சாதிப் பெண்கள் ஒரே வேனில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறக்கிறார்களா என்பதை யாராவது இரண்டு வருஷம் கூடவே போய் எழுத வேண்டும். அந்தப் பெண்களில் ஒருத்தியே எழுதினால் இன்னும் நல்லது.