எர்த்

கார் ஹெட்லைட் ரிப்பேரைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுத என்ன இருக்கிறது என்று தோழர்கள் கேட்கலாம். இருக்கிறது. முப்பது வருசத்துக்கு மேல் ஒயர் பிடிக்கிற கை இது. அந்தக் கைக்குத் தொழில் எப்படி வந்ததுன்னு சொல்லணும்.

எங்க ஊரு தருமபுரிக்குப் பக்கம். ஊருன்னா ஊரு இல்ல, காலனி. அப்பா பண்ணையத்துல இருந்தாரு. எட்டாவதோடு நான் நின்றுவிட்டேன். 1986இல் டவுனில் ஒரு ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறையில் அம்மா கொண்டுபோய் விட்டாள். “டவுன்ல யாரும் சாதி கேக்கமாட்டாங்க கண்ணு” என்றாள். முதல் வாரம் கேட்கவில்லை. இரண்டாவது வாரம் எனக்கென்று ஒரு அலுமினிய டம்ளர் வந்தது. பேட்டரிக்கு ஊத்துற தண்ணி கேனுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருப்பேன்.

பேட்டரிக்குத் தண்ணி ஊத்துவேன். டைனமோவைக் கழட்டிக் கரி துடைப்பேன். வண்டிக்கு அடியில் படுத்து செல்ஃப் மோட்டாரை இறக்குவேன். ஆனால் முதலாளி ஸ்விட்சைப் பிரிக்க உட்கார்ந்தால், “டேய், போய் டீ வாங்கிட்டு வா” என்பார். எந்த ஒயர் எங்கிருந்து எங்கே போகிறது என்பதுதான் இந்தத் தொழிலில் மூளை வேலை. அதை நான் பார்க்கக்கூடாது. எனக்கு இரண்டு வருசம் பின்னால் வந்த அவர் சொந்தக்காரப் பையன் பக்கத்தில் நின்று பார்ப்பான். தொழிலாளிகளையே மேல் கீழாகப் பிரித்து வைப்பதுதான் சாதி என்று அம்பேத்கர் 1936இல் விளக்கினார். அதை நான் படித்தது ரொம்பப் பின்னால். அந்த டீ வாங்கப் போகிற தெருவிலேயே அது எனக்குப் புரிந்துவிட்டது.

பட்டறைக்குப் பின்னால் ஒரு பழைய அம்பாசடர் துருப்பிடித்துக் கிடந்தது. ராத்திரி பட்டறையிலேயே படுக்கிறவன் நான். அந்த வண்டியின் ஒயரை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து சிகரெட் அட்டையில் படம் போட்டேன். பேட்டரியிலிருந்து ஸ்விட்ச். ஸ்விட்சிலிருந்து காலுக்குக் கீழே இருக்கிற டிப்பர். டிப்பரிலிருந்து டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. பல்பிலிருந்து பாடிக்கு எர்த். பாடி வழியாகத் திரும்பவும் பேட்டரி. யாரும் சொல்லித்தரவில்லை.

1991, ஐப்பசி மழை. ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒரு அம்பாசடர் வந்து பட்டறைக் கதவைத் தட்டியது. பின்சீட்டில் ஒரு பெரியம்மா மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தாங்க. சேலம் பெரியாஸ்பத்திரிக்குப் போகணும். தருமபுரிக்கு மருத்துவக் கல்லூரி வந்தது 2008இல்தான். அதுவரைக்கும் பெரிய வைத்தியம்னா சேலந்தான். சேலத்துக்குப் போனால் தொப்பூர் கணவாயில் இறங்கணும். வண்டியில் லைட்டு ரெண்டும் மினுக்கட்டாம்பூச்சி மாதிரி எரிகிறது. முதலாளி வீட்டுக்குப் போய்விட்டார்.

ஹாரன் அடித்துப் பார்த்தேன். கணீரென்று அடித்தது. பேட்டரியில் குறையில்லை. பார்க் லைட்டை மட்டும் போட்டால் நன்றாக எரிகிறது. ஹெட்லைட்டைப் போட்டதும் பார்க் லைட்டும் சேர்ந்து மங்குகிறது. அப்பவே தெரிந்துவிட்டது. சின்ன கரண்டு துருவைத் தாண்டிப் போகும். பெரிய கரண்டு போனால் அந்தத் துருவே பாதி வோல்ட்டைத் தின்றுவிடும். டெஸ்ட் லாம்பின் ஒரு முனையைப் பல்புக்கு வருகிற ஒயரில் வைத்து, மறுமுனையைப் பேட்டரி நெகட்டிவில் வைத்தேன். பளீர். மறுமுனையை எடுத்துப் பல்பின் எர்த் ஒயரில் வைத்தேன். மங்கல். கரண்டு வந்து சேருகிறது, திரும்பிப் போகத்தான் வழியில்லை. யாரோ முன்னால் ரெண்டு பக்க எர்த்தையும் மட்கார்டில் ஒரே ஸ்க்ரூவில் முடுக்கியிருந்தார்கள். கழட்டி, உப்புத்தாள் போட்டுத் தகரம் வெள்ளையாகத் தெரிகிறவரை தேய்த்து முடுக்கினேன். எதிர்ச்சுவரில் வெளிச்சம் அடித்தது.

“வழியில நின்னா யாரு பாக்கறது? நீயும் ஏறுடா” என்றார் பெரியம்மாவின் மகன். டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். டவுனைத் தாண்டியதும் கேட்டார்.

“எந்த ஊருடா நீ?”

சொன்னேன்.

“ஊருக்குள்ளயா, காலனியா?”

“காலனிங்க.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், “கீழ உக்காரு” என்றார். சீட்டுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவில் மிதியடி மேல் குத்துக்கால் வைத்து உட்கார்ந்தேன். டிரைவர் என்னைப் பார்க்கவில்லை.

அங்கேதான் ஒயர் கருகுகிற வாசம் வந்தது. சீட்டில் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. தலைக்கு மேலே லைட் ஸ்விட்ச் சுட்டது. எர்த் சரியானதும் முழுக் கரண்டும் ஓட ஆரம்பித்திருக்கிறது. தளர்ந்து கிடந்த ஸ்விட்ச் டெர்மினல் அதைத் தாங்கவில்லை. “அண்ணே, ஓரங்கட்டுங்க” என்று நான் சொல்லி முடிப்பதற்குள் கணவாய் இறக்கத்தில் ஒரு வளைவில் ரெண்டு லைட்டும் அணைந்துவிட்டது. அப்போது நாலுவழிச் சாலை கிடையாது. பின்னால் லாரி ஹாரன் அடிக்கிறான். பெரியம்மா “முருகா முருகா” என்கிறாங்க. டிரைவர் எப்படியோ பாறைப் பக்கமாக ஒதுக்கி நிறுத்தினார்.

இருட்டில் எனக்குக் கண் வேண்டியிருக்கவில்லை. சிகரெட் அட்டையில் போட்ட படம் விரலில் இருந்தது. ஸ்விட்சுக்கு வருகிற ஒயரையும் டிப்பருக்குப் போகிற ஒயரையும் பிடுங்கி நேராக முறுக்கினேன். விரல் வெந்தது. லைட்டு வந்தது. துண்டைக் கிழித்துச் சுற்றினேன். இது ராத்திரிக்கு மட்டும் செய்கிற வேலை, ஃபியூஸ் இல்லாமல் அப்படியே விட்டால் வண்டி எரியும். சேலம்வரை அந்த முடிச்சைக் கையில் பிடித்துக்கொண்டே வந்தேன், கீழே உட்கார்ந்து.

ஆஸ்பத்திரியில் பெரியம்மாவை இறக்கினார்கள். மகன் இருபது ரூபாயைப் போனட் மேல் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டேன். பஸ்ஸுக்குக் காசு வேண்டுமே. பின்னால் அந்தம்மா பிழைத்து வந்ததாக டிரைவர் சொன்னார். சந்தோசந்தான்.

மறுநாள் முதலாளி கேட்டது ஒன்றுதான். “ஸ்விட்சப் பத்தி உனக்கு எவன்டா சொல்லிக்குடுத்தான்?” அந்த வருசமே அங்கிருந்து வெளியே வந்துவிட்டேன்.

இன்னொன்றும் சொல்லணும். 2012 நவம்பர் 7ஆம் தேதி நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டியில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டன, கொளுத்தப்பட்டன. வண்டிகளும் எரிந்தன. நம்ம பிள்ளைகள் பெங்களூர், கோயம்புத்தூர் போய் உழைத்து வாங்கியவை. என் தொழிலில் ஒரு பாடம் உண்டு. கரண்டு மிகுந்து கருகிய ஒயரில் செம்பை ஒட்டிய பக்கம் முதலில் கருகும். வெளியே தீ வைத்த ஒயரில் மேல்தோல் முதலில் போகும். தானா எரிந்ததா, எரிக்கப்பட்டதா என்று ஒயர் சொல்லிவிடும்.

அம்பாசடர் வருவது 2014இல் நின்றுபோனது. ஆனாலும் பழைய வண்டிகள் இன்னும் என் கடைக்கு வருகின்றன. எனக்கு மறைத்ததை நான் யாருக்கும் மறைப்பதில்லை. நம்ம பையன்கள், பொண்ணுங்க எழுதி வைத்துக்கொள்ளட்டும்:

ஒரு பக்கம் மட்டும் மங்கினால் அந்தப் பக்க எர்த்தைப் பார். ரெண்டும் மங்கி, எஞ்சினை ரேஸ் பண்ணினால் கூடினால், பேட்டரியையும் சார்ஜிங்கையும் பார். டிம் எரிந்து பிரைட் எரியாவிட்டால் பல்பு இழையையும் டிப்பரையும் பார். ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போனால் பெரிய ஃபியூஸ் போடாதே, எங்கே ஒயர் பாடியில் உரசுகிறது என்று தேடு. பல்புக்கு வருகிற வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே வெளிச்சம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும். 60 வாட் பல்பு ரெண்டு எரிந்தால் 10 ஆம்பியர். பழைய ஸ்விட்ச் அதைத் தாங்காது. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்துத் தனி ஒயர் இழுத்து ரிலே போடு. ஸ்விட்ச் ரிலேயை மட்டும் இழுக்கட்டும்.

என் கடையில் இப்போது மூன்று பேர் வேலை கற்றுக்கொள்கிறார்கள். ஒரு பொண்ணு ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வந்திருக்கிறது. ஸ்விட்சைப் பிரிக்கும்போது மூன்று பேரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்கிறேன். டீ வாங்க நானே போகிறேன், வேலை முடிந்த பிறகு.