ஓசையின்றி வரும் பழுது



மல்லிப்பட்டினம், தொண்டி போன்ற கடற்கரை ஊர்களில் படகையே நம்பி வாழும் முஸ்லிம் குடும்பங்கள் பல உள்ளன. அவ்வீடுகளில் சுப்ஹுத் தொழுகைக்குப் பின் கேட்கப்படும் துஆக்களில் பாதி, கடலுக்குச் சென்றவர்கள் நலமுடன் கரை திரும்ப வேண்டும் என்பதாகவே இருக்கும். படகுகளில் பேட்டரியும் டைனமோவும் பழுது பார்ப்பது என் தொழில். அந்தப் பழக்கத்தில் அறிந்த சிலவற்றை இங்கே கூற விரும்புகிறேன்.

எஞ்சினில் எண்ணெய் குறைந்தால் புகை வரும். தண்ணீர் நின்றால் சூடேறும். ஆனால் மின்னேற்றம் நின்றுபோனால் எந்த ஓசையும் எழாது. பழைய முறை பம்ப் உள்ள டீசல் எஞ்சினுக்குக் கிளப்பும்போது மட்டுமே பேட்டரி வேண்டும். கிளம்பிவிட்டால் மின்சாரம் இல்லாமலும் ஓடும். எனவே டைனமோ வேலை செய்யாதிருப்பது எவர் கண்ணிலும் படுவதில்லை. விளக்கும் வயர்லெஸ்ஸும் ஜிபிஎஸ்ஸும் பேட்டரியில் உள்ளதைச் சிறிது சிறிதாகக் குடித்துவிடும். வலையை விட்டு எஞ்சினை நிறுத்தி, மீண்டும் கிளப்ப முனையும்போது 'டக்' என்ற ஒலியோடு எல்லாம் அடங்கிவிடும். விளக்கில்லாத படகு பெரிய கப்பல்களின் கண்ணுக்குத் தெரியாது. 1974, 1976ஆம் ஆண்டு ஒப்பந்தங்களில் வரையப்பட்ட கடல் எல்லைக்கோடு, நீரோட்டத்தில் மிதந்து செல்லும் படகுக்கும் தெரியாது.

சென்ற ஆண்டு நண்பர் ஒருவர் என்னிடம் வந்தார். பேட்டரி அடிக்கடி இறங்குகிறது என்று ஒரு பட்டறையில் காட்டியிருக்கிறார். டைனமோ எரிந்துவிட்டது என்றார்களாம், புதிதாக மாற்றினார். இரண்டு மாதம் கழித்துப் பேட்டரியையும் மாற்றினார். குறை தீரவில்லை. இத்தனைக்கும் பணம் எங்கிருந்து வந்தது? மனைவியின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. வட்டி ஹராம் என்பதை அறிந்த மனிதர், வேறு வழியின்றி அந்த வாசலில் நின்றதைச் சொல்லும்போது தலைகுனிந்தார்.

எஞ்சினை ஓடவிட்டு, விளக்குகளையும் போடச் செய்து மீட்டரை வைத்துப் பார்த்தேன். டைனமோவில் 14.2 வோல்ட் இருந்தது. பேட்டரியின் முனைகளிலோ 12.7 வோல்ட்தான் இருந்தது. இடையில் ஒன்றரை வோல்ட் காணாமற் போயிருந்தது! வயரின் மேலுறையைக் கீறிப் பார்த்தால், உள்ளே செம்புக் கம்பி உப்புக்காற்றில் பச்சை பூத்துப் பொடியாகியிருந்தது. வேண்டியிருந்தது சில முழம் வயர் மட்டுமே.

ஆகவே, பொருளை மாற்றுமுன் அளந்து பாருங்கள். 12 வோல்ட் பேட்டரியை எஞ்சின் நின்று சில மணி நேரம் கழித்து அளந்தால் சுமார் 12.6 காட்ட வேண்டும், 12.2 என்றால் பாதி தீர்ந்துவிட்டது என்று பொருள். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை ஏற வேண்டும். 24 வோல்ட் படகானால் இவற்றை இரட்டித்துக் கொள்க. ஓடும்போதும் எண் ஏறவில்லையெனில் முதலில் பெல்ட்டை அழுத்திப் பாருங்கள். அரை அங்குலத்துக்கு மேல் அமுங்கினால் தளர்ச்சி. அடுத்துப் பேட்டரி முனைகளையும், எஞ்சின் உடலோடு சேரும் எர்த் வயரையும் கழற்றிச் சுரண்டித் துடைத்து இறுக்குங்கள். பிறகு ஃபியூஸையும், டைனமோவிலிருந்து வரும் வயரையும் சோதியுங்கள். பல படகுகளில் மின்னேற்றம் தொடங்குவதற்கே எச்சரிக்கை விளக்கின் வழியாக வரும் சிறு மின்சாரம் வேண்டும். அந்தச் சிறு பல்பு போனாலும் டைனமோ உறங்கிவிடக்கூடும். இவையெல்லாம் சரியாக இருந்தும் டைனமோவின் முனையிலேயே வோல்ட் ஏறவில்லையென்றால்தான் குற்றம் டைனமோவின் மீது.

மாறாக, 15 வோல்ட்டைத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுது. பேட்டரி கொதித்து, அழுகிய முட்டை நாற்றம் வீசும். அந்த நேரம் அருகில் பீடி, தீக்குச்சி கூடாது. பேட்டரியிலிருந்து வரும் வாயு வெடிக்கக்கூடியது. எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரை ஒருபோதும் கழற்றாதீர்கள். 'கழற்றிப் பார்த்தால் டைனமோவின் யோக்கியதை தெரியும்' என்று சிலர் கூறுவர். அதனால் நல்ல டைனமோவின் டயோடுகளும் எரிந்துபோகும்.

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் நம் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். சும்மா கிடக்கும் பேட்டரி தானாகவே இறங்கிக் கெட்டுவிடும். மாதம் ஒருமுறையேனும் அதற்கு மின்னேற்றம் செய்யுங்கள். பழைய வயர்களை மாற்றவும் அதுவே தக்க காலம். வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி உப்பை நெடுநாள் தாங்கும்.

சகோதரிகளே! படகு உங்கள் கண்ணுக்குத் தூரமானதுதான். ஆனால் அதன் பழுதுக்கு முதலில் கழல்வது உங்கள் கைவளையல் அல்லவா? அடுத்த முறை 'டைனமோ போய்விட்டது' என்று வீட்டில் கேட்டால், 'மீட்டர் வைத்துப் பார்த்தீர்களா?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்கள் கடலில் தவித்தால் கடலோரக் காவல் படையை அழைக்க வேண்டிய 1554 என்ற எண்ணையும் வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு, அதன்பின் இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்கக் கற்ற சமுதாயம் நாம். வயரை முறுக்கிவிட்டுத் தவக்கல் வைப்போம். வல்ல அல்லாஹ், கடல்மேல் செல்லும் ஒவ்வொருவரையும் வெளிச்சத்தோடு கரை சேர்ப்பானாக. ஆமீன்.