கானல் ஓடும் பக்கம்

மே மாதக் கடைசியில் காஞ்சிபுரம் வட்டாரத்துக் காற்றுக்கு ஒரு கால அட்டவணை உண்டு. காலை எட்டு, ஒன்பது மணிவரை இலை அசையாது. பிறகு மேற்கிலிருந்து கோடைக் காற்று கிளம்பும். வேலூர், ராணிப்பேட்டைப் பக்கத்துப் பாறைச் சூட்டையெல்லாம் வாரிக்கொண்டுதான் வரும். பிற்பகலில் கிழக்கே இருந்து கடற்காற்று உள்ளே நுழையும். செங்கல்பட்டுக்கு முதலில், காஞ்சிக்கு இன்னும் தாமதமாக. மேல்காற்று பலமாக இருக்கும் நாளில் அது வராமலே போய்விடுவதும் உண்டு. இந்த இரண்டும் மல்லுக்கட்டும் இடைவேளையில் எதுவும் வீசாது. ஊர் முழுக்கப் புழுங்கிச் சாகும். ஐம்பது மீட்டரில் பாயின்ட் டூ டூ ரைஃபிள் சுடுபவர்கள் அந்த நேரத்துக்குத்தான் பயப்படுகிறார்கள்.

அவர்களைப் பார்க்க வாலாஜாபாத் தாண்டிச் செங்கல்பட்டுச் சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு மண் பாதையில் போனேன். 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமாகும்வரை இந்தப் பக்கமெல்லாம் காஞ்சிபுரம் மாவட்டம்தான். துப்பாக்கிச் சத்தம் இங்கே புதிதல்ல. ஒத்திவாக்கத்தில் காவல்துறையின் பெரிய சுடுதளம் இருக்கிறது. 2023 ஜூனில் அகில இந்தியப் பெண் போலீசாருக்கான துப்பாக்கி சுடும் போட்டி அங்கேதான் நடந்தது. நான் போனது அப்படிப்பட்ட இடமல்ல. சின்னப் பயிற்சித் தளம். ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் போட வேண்டாம் என்றார்கள், போடவில்லை. தகரக் கூரை, அதன் கீழே சிமென்ட் தரையில் தடித்த பாய்கள், எதிரே செம்மண் மேடு. தளம் வடக்குப் பார்த்திருக்கிறது. வெயில் சுடுபவரின் முதுகுப் பக்கம் இருந்தால்தான் கண் கூசாது என்பதால் அப்படி. ஆகவே இங்கே படுத்திருப்பவருக்கு மேல்காற்று இடது தோளிலிருந்தும் கடற்காற்று வலது தோளிலிருந்தும் வரும். அன்று நான் கற்றுக்கொண்டதில் பாதி இந்த ஒரு விஷயத்திலிருந்து கிளைத்ததுதான்.

எல்லோரும் ‘மாஸ்டர்’ என்று கூப்பிடும் பயிற்சியாளர் பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலூர்ப் பக்கத்துக்காரர். குறி பார்க்கும் தாளை என் கையில் கொடுத்தார். நடுவில் இருக்கும் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர். சட்டைப் பொத்தான் அளவுதான். ஒவ்வொரு வளையத்துக்கும் எட்டு மில்லிமீட்டர் தள்ளித் தள்ளிப் புள்ளி குறையும். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே காற்று அடித்தால் தோட்டா ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். நெல் வயலில் நிற்பவர் ‘நல்ல காத்து’ என்று துண்டை உதறிப் போட்டுக்கொள்ளும் அளவுக் காற்றுதான் அது. பத்தில் விழவேண்டியது எட்டுக்கோ ஏழுக்கோ போய்விடும்.

நகர்வது நேர் பக்கவாட்டிலும் இல்லை. குழலுக்குள் இருக்கும் புரிகள் தோட்டாவை வலப்பக்கமாகச் சுழற்றி அனுப்புகின்றன. அந்தச் சுழற்சியால் இடதுகாற்று தோட்டாவை வலது பக்கம் கொஞ்சம் கீழாக, கடிகாரத்தில் நாலு மணி இருக்கும் திக்கில் தள்ளும். வலதுகாற்று பத்து மணித் திக்கில் மேலேற்றும். காலையில் மேல்காற்றுக்குக் குறிமானியைத் திருத்தி வைத்தவர், பிற்பகலில் கடற்காற்று வந்ததைக் கவனிக்காமல் சுட்டால் அவருடைய ஓட்டைகளெல்லாம் தாளின் குறுக்கே மூலைக்கு மூலை ஏறிப் போயிருக்கும்.

இதைத் தெரிந்துகொள்ளத்தான் கொடிகள். சர்வதேச விதிப்படி ஐம்பது மீட்டர் தளத்தில் பத்தாவது மீட்டரிலும் முப்பதாவது மீட்டரிலும் பருத்திக் கொடி நிற்க வேண்டும். ஐந்து சென்டிமீட்டர் அகலம், நாற்பது சென்டிமீட்டர் நீளம். தூரத்துக் கொடிதான் குறிக்குப் பக்கத்தில் இருக்கிறது, அதைத்தான் பார்க்க வேண்டும் என்று நான் நினைத்தேன். மாஸ்டர் கிட்டக் கொடியைக் காட்டினார். பத்தாவது மீட்டரில் துளி விலகினாலும் மீதி நாற்பது மீட்டருக்கும் அந்த விலகல் வளர்ந்துகொண்டே போகும். முப்பதில் விலகினால் வளர்வதற்கு இருபது மீட்டர்தான்.

வேகமான தோட்டாவைப் போட்டால் காற்றுக்குத் தப்பிவிடாதா என்று கேட்டேன். புதிதாக வருபவர்கள் எல்லோரும் கேட்பது போலிருக்கிறது; மாஸ்டர் சிரித்துவிட்டார். தோட்டா பறக்கும் மொத்த நேரத்துக்கும் காற்று தள்ளும் தூரத்துக்கும் நேர்க் கணக்கு கிடையாது. காற்றின் தடையால் அது எவ்வளவு தாமதிக்கிறதோ அந்தத் தாமதத்தைப் பொறுத்ததுதான் விலகல். ஒலியின் வேகமான விநாடிக்கு 340 மீட்டரைத் தாண்டும்போது தடை ஒரேயடியாக எகிறுகிறது. ஆகவே பாயின்ட் டூ டூவில் வேகத் தோட்டாதான் காற்றில் அதிகம் அலையும். போட்டிக்குச் சுடுபவர்கள் ஒலிக்குச் சற்றுக் கீழே, 325 சொச்சத்தில் போகும் தோட்டாவைத்தான் வாங்குகிறார்கள். அவசரப்படாததுதான் நேராகப் போகிறது.

பதினோரு மணிக்குக் கொடிகள் இரண்டும் தொங்கிவிட்டன. காற்றே இல்லை என்று எனக்குத் தோன்றியது. மாஸ்டர் ஸ்பாட்டிங் ஸ்கோப்பில் கண்ணை வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“வாங்க சார், இப்ப பாருங்க.”

கறுப்பு வட்டம் தெரிந்தது. அதன் விளிம்பு உருகிக்கொண்டிருந்தது. அவர் குமிழைச் சற்றுத் திருப்பி, பார்வையைக் குறியிலிருந்து பாதி வழிக்கு இழுத்தார். வட்டம் மங்கியது. அதற்கு முன்னால் கண்ணாடி நூல்கள் போலக் கானல் எழுந்து சாய்ந்து ஓடிக்கொண்டிருந்தது, இடமிருந்து வலமாக. கொடியை அசைக்க வலுவில்லாத காற்று அது.

கானலைப் படிப்பதற்கு ஒரு வாய்ப்பாடு இருக்கிறது. நேரே மேலே கொதித்தால் காற்று இல்லை. அல்லது முகத்துக்கு நேராகவோ முதுகிலிருந்தோ வருகிறது. சாய்ந்து எழுந்தால் மணிக்கு ஐந்திலிருந்து பத்து கிலோமீட்டர். தரையோடு தரையாகப் படுத்து ஓடினால் பதினைந்தைத் தொட்டுவிட்டது. இருபதைத் தாண்டினால் கானலே கலைந்துவிடும், கொடியைத்தான் நம்ப வேண்டும். கொதிக்கும்போது சுடாதே என்பது மாஸ்டரின் கண்டிப்பான விதி. கொதிப்பு பெரும்பாலும் காற்று பக்கம் மாறும் நேரம். அடுத்த விநாடி எந்தத் தோளிலிருந்து வரும் என்று சொல்ல முடியாது.

ஒரே வெக்கைதான் இரண்டு வேலையும் செய்கிறது. காற்று எந்தப் பக்கம் போகிறது என்று உண்மையைச் சொல்கிறது. குறி எங்கே இருக்கிறது என்பதில் பொய் சொல்கிறது. சுடுபவர் முதலாவதை நம்பி இரண்டாவதை நம்பாமல் இருக்க வேண்டும், அதுவும் ஒரே பார்வையில். குறி எந்தப் பக்கம் நகர்ந்து தெரியும் என்பதில் மாஸ்டருக்கும் எனக்கும் ஒரு வழக்கே நடந்தது. கொதிக்கும் கானலில் குறி மேலே தூக்கித் தெரியும் என்பது சுடுபவர்கள் மத்தியில் பழைய பேச்சு. இயற்பியல் வேறு சொல்கிறது. சூடான தரையை ஒட்டிய காற்றுக்கு அடர்த்தி குறைவு. ஒளி அடர்த்தி கூடிய மேல்பக்கம் வளையும். அதனால் பொருள் கீழே இறங்கித் தெரிய வேண்டும். தார்ச்சாலையில் தேங்கிய தண்ணீராகத் தெரிவது அப்படி இறங்கி வந்த வானம்தான். சொல்லிப் பார்த்தேன். “புஸ்தகம் சரியா இருக்கலாம் சார். அந்தப் புஸ்தகம் எழுதினவரு இங்க படுத்துச் சுட்டாரா?” என்றார். எனக்கு இன்னும் புத்தகத்தின் பக்கம்தான் சாய்வு. ஆனால் அவர் சீடப்பிள்ளைகளிடம் மேலே, கீழே என்று எதையும் சொல்லிக்கொடுப்பதில்லை. அவரவர் தாளில் அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று விட்டுவிடுகிறார். அந்த அடக்கம் எனக்குப் பிடித்தது.

கொடி தூங்கும் நேரத்துக்கு அவரிடம் இன்னொரு உபாயம் உண்டு. பிள்ளையார்பாளையத்தில் தறிக்காரர்கள் ஒதுக்கிப்போடும் பட்டு இழையை வாங்கிவந்து, மூங்கில் குச்சியில் ஒற்றை இழையாகக் கட்டி நட்டிருக்கிறார். பருத்தி அசையாத காற்றுக்குப் பட்டு அசைகிறது. போட்டியில் இது செல்லாது. சொந்தக் காற்றுக்காட்டிகளுக்கு அங்கே அனுமதியில்லை. கானலும் இழையும் ஒன்றையே சொல்வதைப் பயிற்சியில் பார்த்துப் பார்த்து, பிறகு இழை இல்லாமல் கானலை மட்டும் படிக்கப் பழக வேண்டும்.

தாள் மாற்றுபவர் பக்கத்துக் கிராமத்துப் பெரியவர். சிவப்புக் கொடி ஏறி, ரைஃபிள்கள் எல்லாம் திறந்து வைக்கப்பட்ட பிறகு, அந்த ஐம்பது மீட்டரும் வெயிலில் நடந்துபோய்ப் பழைய தாளைக் கழற்றிப் புதியதை மாட்டி வருவார். ஒரு நாளைக்கு இப்படி எத்தனை நடை என்று அவர் எண்ணுவதில்லை. மின்னணுக் குறி வந்துவிட்டால் இந்த வேலை இருக்காது என்று அவருக்குத் தெரியும். துப்பாக்கியைத் தொட்டதேயில்லை. ஆனால் தாளைப் பார்த்துக் காற்றைச் சொல்வார். ஒரு கட்டைப் பிரித்து என் முன்னால் வைத்தார். “இது காலைல சுட்டது, பொட்டு மாதிரி ஒரே எடத்துல கீது. இது பாரு, கீழ எறங்கி சோத்துக்கைப் பக்கம் போயிருக்கா? மேக்காத்து. இந்தத் தாளு ரெண்டுங்கெட்டான். பாதி அங்க, பாதி இங்க. காத்து திரும்பசொல்ல சுட்டது.” தேதி, நேரம் எதுவும் எழுதாத தாள்கள். மாஸ்டரின் குறிப்பேட்டோடு ஒப்பிட்டேன், சரியாகத்தான் இருந்தது. சுடுபவர்களைவிட இவருக்குச் சம்பளம் தர வேண்டும் என்று மாஸ்டரிடம் சொன்னேன். சுடுபவர்களுக்கு யார் சார் சம்பளம் தருகிறார்கள் என்றார்.

பயிற்சிக்கு வந்திருந்தவர்களில் நெசவுக் குடும்பத்துப் பெண் ஒருத்தி, கல்லூரி இரண்டாம் ஆண்டு. என்.சி.சி.யில் ரைஃபிள் பிடித்தவள். அவள் அப்பா பாவு ஆற்றுபவர்களில் ஒருவர். விடியற்காலையில் தெருவின் நீளத்துக்குப் பட்டுப் பாவை இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, இழை பிரித்து, வெயில் ஏறிக் காற்று கிளம்புவதற்குள் சுருட்டிவிட வேண்டிய வேலை. காற்று வந்தால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இரண்டையும் சேர்த்துப் பேசலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

“எங்கப்பா காத்து வர்றதுக்குள்ள முடிச்சிடுவாரு அண்ணா. எனக்கு அந்த வசதி இல்ல. பன்னெண்டு மணிக்குப் போட்டி போட்டா பன்னெண்டு மணிக்குத்தான் சுடணும்.”

படுத்த நிலையில் அறுபது சுடுவதற்கு ஐம்பது நிமிடம். காத்திருப்பதும் அந்த ஐம்பதுக்குள்தான். அன்று நண்பகலில் அவள் ஒரு கட்டத்தில் ரைஃபிளைத் தோளிலிருந்து இறக்கிவிட்டு, கன்னத்தைக் கையில் தாங்கிக்கொண்டு ஸ்கோப்பைப் பார்த்தபடி நான்கு நிமிடம் கிடந்தாள். வேடிக்கை பார்க்கும் எனக்கே பொறுக்கவில்லை. பிறகு மளமளவென்று ஆறு தோட்டா. கானல் ஒரே சாய்வில் ஓடிய அந்த இடைவெளிக்குள் ஆறும் போய்விட்டன.

இப்படிக் கிடக்க இப்போது ஆள் வருவதில்லை என்பது மாஸ்டரின் ஆதங்கம். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனின் பெயரைக் கேட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். அவர் சுடுவது பத்து மீட்டர் ஏர் ரைஃபிள், கூரைக்குள்ளே, காற்றில்லாமல். பெற்றோருக்கும் அது சௌகரியம். போதாக்குறைக்கு ஐம்பது மீட்டர் படுத்துச் சுடும் ஆண்கள் போட்டியை 2016 ரியோவுக்குப் பிறகு ஒலிம்பிக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். மூன்று நிலைப் போட்டி மட்டும் மிச்சம். அதில்தான் கோலாப்பூர்க்காரர் ஸ்வப்னில் குசாலே 2024 பாரிஸில் வெண்கலம் வாங்கினார். படுத்துச் சுடுவதில் 2010இல் மியூனிக்கில் உலக சாம்பியனான தேஜஸ்வினி சாவந்தும் கோலாப்பூர்தான். அந்த ஊரில் மட்டும் என்ன காற்று அடிக்கிறது என்று போய்ப் பார்க்க வேண்டும். பத்து மீட்டரை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதுவும் பெரிய வித்தைதான். ஆனால் வெளியே படுத்துக் கானலைப் படிக்கும் இந்த அறிவு ஒருவர் பக்கத்தில் இன்னொருவர் கிடந்துதான் கைமாறுகிறது. ஓய்வு பெற்ற பட்டாளத்துக்காரர்களோடு அது போய்விடும் என்று சொன்னால் மிகையில்லை.

கிளம்பும்போது அந்தப் பெண்ணிடம், நேரத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் காலை நேரத்தைத்தானே கேட்பாய் என்றேன்.

“வேணாம் அண்ணா. காலைல எல்லாருக்கும்தான் பத்து விழும். மத்தியானம் போட்டா எனக்கு நல்லது.”

மாஸ்டர் அவளுடைய இரண்டாவது தாளைத் தூக்கிக் காட்டினார். “மொதல்ல இதுல மூணு எட்டு எப்பிடி வந்துச்சுன்னு சொல்லும்மா.”